ஐந்தாம் தசைப்படத்தில் வயிற்றுத் தசை முதல் விலா வரை ஏறுகிறதே, யார் செய்த பிழை?

கோட்டோவியன்

வெசாலியஸ் எழுதிய உடற்கூற்று நூலான 'ஃபாப்ரிகா'வில் (1543) நிற்கும் 14 தசை மனிதர்களுக்கும் தமிழில் பெயர் குறித்துக்கொண்டு வரும்போது ஐந்தாம் படத்தில் கணக்கு உதைக்கிறது. வயிற்றின் நடுவில் இரட்டைப் பட்டையாக ஓடும் ரெக்டஸ் தசை, மனிதனில் 5, 6, 7-ஆம் விலா எலும்புகளின் குருத்தோடு முடிந்துவிட வேண்டும். இந்தப் படத்தில் அது அங்கே நிற்கவில்லை. மார்புக்கூட்டின் மேலேயே தட்டையான நாராக ஏறி, கழுத்தெலும்புக்குக் கீழே முதல் விலா வரை போகிறது.

வரைந்தவர் கோட்டைவிட்டாரா, அச்சுக்கான மரக்கட்டை செதுக்கியவர் இழுத்துவிட்டாரா, இல்லை வெசாலியஸே அப்படி நம்பினாரா?

தசைநார்

மூன்றும் இல்லை. தெரிந்தே வைத்தது.

தசைப்படம் ஒவ்வொன்றுக்கும் எழுத்துக்குறி விளக்கம் உண்டு. ஐந்தாம் படத்தின் விளக்கத்தில், இது மனிதனுடையது அல்ல, பழங்கால மருத்துவர் கேலன் விவரித்த அமைப்பைக் காட்டுவதற்காகச் சேர்த்தது என்று வெசாலியஸே சொல்லிவிடுகிறார். குரங்கிலும் நாயிலும் ரெக்டஸ் தசை உண்மையிலேயே முதல் விலா வரை ஏறும். கி.பி. 129-இல் பெர்கமோனில் பிறந்த கேலன் அறுத்தது வட ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்கு, பன்றி, ஆடு, மாடு. அவர் காலத்து ரோமில் மனித உடலை அறுக்க வழியில்லை. எனவே அவர் எழுதியதில் பொய் இல்லை. குரங்கைப் பற்றிய சரியான வாக்கியத்தை 1300 வருடம் மனிதனைப் பற்றியது என்று வாசித்ததுதான் சிக்கல்.

வெசாலியஸின் வாசகர் யார் என்று யோசியுங்கள். ஒரு கையில் கேலனை வைத்துக்கொண்டு படிக்கும் மருத்துவர். அவருக்கு மனிதத் தசையை மட்டும் வரைந்து காட்டினால், "உன் சடலம் கோளாறு, கேலன் சரி" என்பார். கேலன் சொன்ன தசையையும் அதே உடம்பில் ஏற்றிக் காட்டினால்தான், எது எங்கிருந்து வந்தது என்று எதிரே இருப்பவருக்கு உறைக்கும். முதல் புத்தகத்தில் மனித மண்டையோட்டை நாயின் மண்டையோட்டின்மேல் உட்கார வைத்த படமும் இதே உத்திதான். மேல்தாடையின் முன்பகுதியில் நாய்க்குத் தெளிவாகத் தெரியும் இணைப்புக் கோட்டைக் காட்டி, அங்கே தனியாக இருப்பதாகக் கேலன் சொன்ன எலும்பு எதிலிருந்து வந்தது என்று புரியவைக்கிறார்.

அதனால் உங்கள் பட்டியலில் அந்த நாருக்கு நேரே 'மனிதனில் இல்லை' என்று எழுதுங்கள். விளக்கத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு குரங்குத் தசையை மனிதன் கணக்கில் சேர்க்கிறார்கள்.

அச்சுக்கட்டை

தசைநார் சொன்னது சரி. ஆனால் 'செதுக்கியவர் இழுத்திருக்கலாம்' என்ற சந்தேகத்தை இந்த நூலில் எப்போது எழுப்பலாம், எப்போது கூடாது என்பதற்குக் கட்டை எப்படித் தயாராகிறது என்று தெரிய வேண்டும்.

கட்டை பேரி மரம். ரேகை ஒரே சீராக, கண்ணும் கணுவும் இல்லாமல் இருக்கும் என்பதால் அந்த மரம். மரத்தைக் குறுக்கே வெட்டிய முகத்தில் அல்ல, பலகைவாட்டில் அறுத்த முகத்தில்தான் செதுக்கினார்கள். குறுக்குவெட்டு முகத்தில் உளி ஓட்டும் முறை ஐரோப்பாவில் பரவியது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். பலகைவாட்டுக் கட்டையில் ரேகையோடு போகும் கோடு சுலபம். ரேகைக்குக் குறுக்கே போகும் மெல்லிய கோடு உடையும். முகத்தில் சூடான ஆளிவிதை எண்ணெய் ஊட்டி இறுக்கியிருக்கிறார்கள்.

கோட்டைக் கத்தி செதுக்குவதில்லை, கோட்டின் இரண்டு பக்கத்தையும் செதுக்கிக் கோட்டை மேடாக விட்டுவைக்கிறது. ஒரு கோட்டுக்கு நான்கு வெட்டு: இடப்பக்கம் ஒரு சாய்வு, அதற்கு எதிர்ச்சாய்வு ஒன்று, வலப்பக்கமும் அப்படியே. நிழலுக்குக் குறுக்கு நெடுக்காகக் கோடு போட்டால், ஓவியருக்கு அது பேனாவில் இரண்டு இழுப்பு. செதுக்குபவருக்கோ நடுவில் அகப்படும் வெள்ளைக் கட்டம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தோண்டி எடுக்க வேண்டிய வேலை. ஏழாம் தசைப்படத்தின் தொடை நிழலை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தக் கட்டங்கள் எண்ணும்படி தெரியும்.

இந்த முறையில் வரக்கூடிய பிழை என்ன? கோடு உடைந்து வெள்ளை விழும். இரண்டு கோடு ஒட்டி மை அடைத்துக்கொள்ளும். நிழலுக்குள் இருக்கும் எழுத்து மூழ்கிப்போகும். இல்லாத தசை ஒன்று முளைக்காது. மேட்டை வெட்டிவிட்டால் போனது போனதுதான், வெட்டிய இடத்தில் புதுக் கோடு வேண்டுமானால் துளைபோட்டு மரச்சக்கை அடித்து அதன்மேல் திரும்பச் செதுக்க வேண்டும். அவ்வளவு மெனக்கெட்டு யாரும் தவறுதலாக ஒரு தசையைச் சேர்க்க மாட்டார்கள்.

சக்கை வைத்ததைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பாரிஸ் பக்கம் போங்கள். அங்கிருந்த மருத்துவர் சார்ல் எஸ்தியேனின் 1545 உடற்கூற்று நூலில் நிற்கும், சாயும், கட்டிலில் கிடக்கும் முழு உருவங்கள் வரும். பலவற்றில் வயிற்றுப் பகுதியைச் சுற்றி ஒரு செவ்வகக் கோடு மெல்லிசாகத் தெரியும். பெரிய கட்டையில் சதுரமாகத் துளை வெட்டி, உடற்கூறுப் பகுதியை மட்டும் வேறு கட்டையில் செதுக்கிச் செருகியிருக்கிறார்கள். கோடு தெரிவது அந்தப் பொருத்து. உருவம் அவ்வளவு பெரிதாக இருந்தும் உடற்கூறு உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிப்போனதற்கு அதுவே காரணம்.

கோட்டோவியன்

தெளிவாகிவிட்டது, நன்றி. அப்படியானால் இதையும் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் புத்தகத்தில் சிறுநீரகங்கள் வரும் படங்களில் வலது சிறுநீரகம் மேலே, இடது கீழே இருக்கிறது. மனிதனில் ஈரல் அழுத்துவதால் வலதுதானே கீழே இருக்கும்? மரக்கட்டை அச்சில் இடம் வலம் மாறும் என்கிறார்கள். கண்ணாடி பிம்பமாக அச்சாகிவிட்டதா?

அச்சுக்கட்டை

கட்டையில் இருப்பது தாளில் இடம் வலம் மாறித்தான் விழும். அதனால் ஓவியத்தைத் திருப்பிக் கட்டைக்கு மாற்றுவார்கள். மாற்ற மறந்தால் உடம்பே புரண்டுவிடும். ஆனால் அதைச் சோதிக்கச் சிறுநீரகத்தைப் பார்க்காதீர்கள், ஈரலைப் பாருங்கள். அதே வயிற்றுப் படங்களில் ஈரல் உடம்பின் வலப்பக்கம், மண்ணீரல் இடப்பக்கம், இரண்டும் சரியான இடத்தில். படம் திரும்பவில்லை.

தசைநார்

அதேதான். சிறுநீரகம் தலைகீழானதற்குக் காரணம் கேலன். பல நாற்கால் பிராணிகளில் வலது சிறுநீரகம் சற்று முன்னால், அதாவது தலைப்பக்கமாக இருக்கும். அதை நிமிர்த்தி நிறுத்தினால் 'மேலே' ஆகிவிடும். கேலன் சொன்னார், வெசாலியஸ் 1538-இல் வெளியிட்ட உடற்கூற்றுப் படத்தாள்களிலும் அப்படியே போட்டார், 1543-லும் விட்டுவிட்டார். ரெக்டஸ் தசை போல இது தெரிந்து வைத்தது அல்ல. இதில் கேலனை நம்பி மாட்டிக்கொண்டார்.

அதோடு, வெட்டிக் காட்டிய சிறுநீரகம் நாயுடையது. மனிதச் சிறுநீரகத்தில் கொழுப்பு அதிகம் என்று காரணமும் சொல்கிறார். ரோமில் இருந்த உடற்கூற்று அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி இதை லேசில் விடவில்லை. 1564-இல் வந்த அவருடைய தொகுப்பில் சிறுநீரகத்துக்கே தனிப் பகுதி.

'வெசாலியஸ் கேலனைக் கவிழ்த்தார்' என்று ஒற்றை வரியில் எழுதுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கவிழ்த்தவை உண்டு. கீழ்த்தாடை மனிதனில் இரண்டல்ல, ஒரே எலும்பு. மார்பெலும்பு ஏழு துண்டல்ல, மூன்று. மூளைக்கு அடியில் கேலன் சொன்ன 'அற்புத வலை' என்ற ரத்தக்குழாய்ப் பின்னல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்டு, மனிதனுக்கு இல்லை. இதைப் பொலோன்யாவின் பெரெங்காரியோ டா கார்பி 1520-களிலேயே 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டார். வெசாலியஸ் 1538-இல் கூட அந்த வலையை வரைந்தார், 1543-இல்தான் இல்லை என்றார். ஐந்து வருட இடைவெளியில் ஒரே ஆள்.

கவிழாதவையும் உண்டு. கண்ணின் லென்ஸ் அவர் படத்தில் விழிக்கோளத்தின் நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது. விழியை உள்ளே இழுக்கும் ஏழாவது தசை ஒன்றைப் போடுகிறார், அது மாட்டுக்கண்ணில் இருப்பது. மூளை நரம்புகளைக் கேலனைப் போலவே ஏழு ஜோடியாகத்தான் எண்ணுகிறார். இதயத்தின் கீழறைகளுக்கு நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளை வழியாக ரத்தம் போகிறது என்பதை 1543-இல் வியப்போடு விட்டுவைத்தார், 1555-ஆம் பதிப்பில்தான் ஐயத்தை வெளிப்படையாக எழுதினார். (டமாஸ்கஸ்காரரான இப்னு அல்-நஃபீஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சுவரில் வழி இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் சுற்றி வர வேண்டும் என்று எழுதிவைத்தார்.)

ஏடு

படத்தில் பிழை எங்கே வரும் என்று கணிக்க, சடலம் எந்த வரிசையில் அறுபட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பொலோன்யாவின் உடற்கூற்று ஆசிரியர் மொந்தினோ 1316-இல் வகுத்த வரிசை நான்கு பாடம்: முதலில் வயிறு, பிறகு மார்பு, பிறகு தலை, கடைசியில் கை கால். முதலில் அழுகுவது முதலில். ஐஸ் இல்லை, ஃபார்மலின் இல்லை (அது 1890-களில் வந்தது), குளிர்காலத்தில் மட்டும் சில நாட்கள்.

ஃபாப்ரிகாவின் ஏழு புத்தகங்கள் இதிலிருந்து வேறான வரிசையில் போகின்றன: எலும்பு, தசை, ரத்தக்குழாய், நரம்பு, வயிறு, மார்பு, கடைசியில் மூளை. கட்டடம் கட்டும் வரிசை என்று சொல்லலாம். ஒரே சடலத்தில் இப்படி அறுக்க முடியாது. தசையை ஒழுங்காக உரிக்கும் நேரத்தில் குடல் கெட்டுவிடும். எனவே 14 தசை மனிதர்கள் ஒரே மனிதன் அல்லர். பதுவாவில் 1539-இல் நீதிபதி மார்க்கந்தோனியோ கொந்தாரினி தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களை ஒதுக்கித் தந்ததற்குப் பிறகுதான் இப்படிப் பகுதி பகுதியாகப் பல உடல்களில் வேலை செய்ய வசதி வந்தது. நம் அந்தோணியார் கோயில் கொண்டிருக்கும் அதே பதுவாதான். படங்களை வரிசையாக ஒட்டி வைத்தால் பின்னணியில் ஓடும் குன்றும் பாலமும் இடிந்த கட்டடமும் ஒரே நிலக்காட்சியாகச் சேரும், அது ஊருக்குத் தென்மேற்கே உள்ள யூகேனியன் குன்றுப் பக்கம்.

நிற்க வைத்தது எப்படி? ஏழாம் படத்தைப் பாருங்கள். தலையிலிருந்து கயிறு மேலே போகிறது. உத்திரத்தில் கட்டிய கப்பி வழியாக உடலை ஏற்றலாம், இறக்கலாம், திருப்பலாம். உதரவிதானத்தை வெட்டியெடுத்துப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக் காட்டியிருப்பதும் இதே படத்தில்தான். தொங்கும் உடம்பில் தோள் மேலே இழுபடும், கால் விரல் கீழே தொங்கும், உரித்த தசை தன் எடையில் சரியும். கடைசிப் படங்களில் சட்டைத்துணி போல மடங்கித் தொங்கும் தசைகளில் அழகுக்காக வரைந்ததும் உண்டு, உண்மையிலேயே தொங்கியதும் உண்டு.

மூளைப் படங்களில் மடிப்புகள் குடல் போல ஒரே மாதிரி சுருண்டு கிடப்பதற்கும் பதம்செய்யாத மூளைதான் காரணம். மண்டையோட்டின் மேல்மூடியை ரம்பத்தால் வட்டமாக அறுத்து எடுத்துவிட்டு, தலை கழுத்திலேயே இருக்க, மேலிருந்து அடுக்கடுக்காகச் சீவிக்கொண்டு போகிறார்கள். கெட்டித் தயிரைச் சீவுவது மாதிரி. மூளைக்குள் இருக்கும் அறைகளின் இடம் ஓரளவு சரியாக வரும், மேல்மடிப்புகளின் தனித்தனி வடிவம் நிற்காது.

வைகறை

சுசுருத சம்ஹிதையில் உடலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்க்கும் முறை இதைவிடப் பழையது அல்லவா? அங்கே ஏன் இப்படிப் படங்கள் வரவில்லை?

தசைநார்

பழையது, ஐயமில்லை. அதன் உடலமைப்புப் பகுதியான சரீர ஸ்தானத்தில் சொல்வது இதுதான்: குடலைச் சுத்தம் செய்த உடலைப் புல்லில் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் மறைவான இடத்தில் ஏழு நாள் விட வேண்டும். நன்றாக ஊறியதும் வெட்டிவேர், மயிர், மூங்கில் இவற்றால் செய்த தூரிகையால் மெல்ல மெல்லத் தேய்த்து, தோல் முதல் உள்ளே வரை அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும்.

கத்தி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏழு நாள் ஊறியதில் தோலின் அடுக்குகளும், தசைநார்களும், எலும்பும் நன்றாகத் தெரியும். மெல்லிய ரத்தக்குழாயும் நரம்பும் தேய்த்த கையோடு போய்விடும். முறை எதை விட்டுவைக்கிறதோ அதுதான் நூலிலும் வரும். சுசுருதர் எலும்பு 300 என்று எண்ணுவதும் அப்படி: பல்லையும் குருத்தெலும்பையும் சேர்த்து எண்ணிய கணக்கு.

'ஏன் படம் வரவில்லை' என்பது வேறு கேள்வி. பிரதிக்குப் பிரதி கையால் எழுதும் இடத்தில் படம் ஒவ்வொரு கையிலும் மாறும், செய்யுள் மனப்பாடத்தில் மாறாது. அந்த நிலையில் செய்யுள்தான் நம்பகமான கருவி. ஒரே கட்டையிலிருந்து நூற்றுக்கணக்கான பிரதி எடுக்க முடிந்த பிறகே படத்தை நம்பி நூல் எழுதலாம் என்ற நிலை வந்தது. லியோனார்டோ இதற்கு நேர் உதாரணம். 1510-11-இல் அவர் வரைந்த தசைப் படங்கள் வெசாலியஸின் படங்களைவிடப் பல இடத்தில் துல்லியம். அச்சேறவில்லை, வைத்தியர்களுக்குப் பயன்படவும் இல்லை.

ஏடு

ஊறவைப்பது பற்றிப் பேச்சு வந்ததால்: முதல் புத்தகத்தின் முடிவில் எலும்புக்கூடு தயாரிக்கும் அத்தியாயம் இருக்கிறது, சமையல் குறிப்பு மாதிரி. அந்நாள் வழக்கம், உடலைத் துளைபோட்ட நீளப்பெட்டியில் வைத்து நீற்றாத சுண்ணாம்பைக் கொட்டி, சில நாள் கழித்து ஆற்றோட்டத்தில் கட்டிவிடுவது. வெசாலியஸுக்கு அது பிடிக்கவில்லை. எலும்புகளை இணைக்கும் பந்தகங்கள் கறுத்துச் சுருங்கி மூட்டுகளை மூடிக்கொள்ளும், எலும்பின் முனை எப்படி இருக்கிறது, எதோடு எது பொருந்துகிறது என்று பார்க்க முடியாது, ஆனால் எலும்புக்கூடு செய்வதே அதைப் பார்க்கத்தான் என்கிறார்.

அவர் வழி: சதையைக் கூடியவரை கத்தியால் நீக்கு. மார்பெலும்பையும் அதோடு ஒட்டிய விலாக் குருத்தையும் தனியாக எடுத்து வை, குருத்தெலும்பு கொதித்தால் கூழாகிவிடும். மீதியைப் பெரிய கொப்பரையில் தண்ணீர் மூழ்க விட்டுக் கொதிக்க வை. நுரையையும் கொழுப்பையும் அகற்றிக்கொண்டே இரு. எலும்பை ஒவ்வொன்றாக எடுத்துச் சுரண்டு, குருத்து மூடிய முனைகளைக் கீறிவிடாதே. கடைசியில் துளைபோட்டுச் செம்புக் கம்பியால் கோர்த்து நிறுத்து.

இப்படி அவர் கையால் கோர்த்தது ஒன்று இன்னும் இருக்கிறது. 1543 மே மாதம் பாசெல் நகரில் தலை துண்டிக்கப்பட்ட யாக்கோப் காரர் என்ற குற்றவாளியின் எலும்புக்கூடு. ஃபாப்ரிகா அச்சாவதை மேற்பார்வையிட வந்த இடத்தில் அறுத்தது. பாசெல் உடற்கூற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

வைகறை

ஃபாப்ரிகாவுக்குப் படம் வரைந்தது வெனிஸ் ஓவியர் டிஷியன் என்று பல இடத்தில் படித்திருக்கிறேன்.

ஏடு

நூல் எந்த ஓவியர் பெயரையும் சொல்லவில்லை. 1538 படத்தாள்கள் ஆறில் எலும்புக்கூடு மூன்றும் ஜான் ஸ்டெஃபான் வான் கால்கர் வரைந்தவை, மற்ற மூன்றும் வெசாலியஸே வரைந்தவை, இது அங்கேயே அச்சிட்டிருக்கிறது. கால்கர் டிஷியனிடம் பயின்றவர். ஓவியர்களின் வரலாறு எழுதிய வசாரி ஃபாப்ரிகாவையும் கால்கர் கணக்கில் எழுதினார். டிஷியன் பெயர் அந்தப் பட்டறை வழியாக ஒட்டிக்கொண்டது.

கோட்டோவியன்

எழுத்துக்குறிதான் எனக்குப் பெரிய தலைவலி. லத்தீன் எழுத்து தீர்ந்ததும் கிரேக்கம், பிறகு எண். தொடையின் நிழலுக்குள் இருக்கும் ஒரு குறியை அரைமணி நேரம் பார்த்தும் பிடிபடவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

அச்சுக்கட்டை

சமாளிக்கவில்லை, திட்டினார்கள். அதனால்தான் 1555 பதிப்பில் பல கட்டைகளில் எழுத்தைச் சுற்றியிருந்த நிழல் கோடுகளைச் செதுக்கி அகற்றிவிட்டார்கள். எழுத்து ஒரு சின்ன வெள்ளைக் குளத்தில் மிதப்பது போலத் தெரியும். முன்பே சொன்னேனே, மேட்டைக் குறைப்பது சுலபம், கூட்டுவதுதான் கஷ்டம். எனவே பிடிபடாத குறி இருந்தால் 1555 ஸ்கேனில் அதே இடத்தைப் பாருங்கள், பாதித் தொல்லை தீரும்.

வெசாலியஸ் அதோடும் விடவில்லை. 1555 பிரதி ஒன்றில் மூன்றாம் பதிப்புக்காகத் தன் கையால் ஓரமெல்லாம் திருத்தம் எழுதியிருக்கிறார், குறிகளைச் சரிசெய்யச் சொல்லும் திருத்தங்களும் அதில் உண்டு. மூன்றாம் பதிப்பு வரவில்லை, 1564-இல் இறந்துவிட்டார். அந்தப் பிரதி 2024-இல் ஏலத்துக்கு வந்து, அவர் படித்த லூவென் பல்கலைக்கழகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இதே தலைவலிக்கு யூஸ்டாக்கி வேறு மருந்து கண்டார். எனக்கு அது இன்றும் மூக்கின்மேல் விரல் வைக்கும் விஷயம். 1552-இல் 47 செப்புத்தகடு செய்துவைத்தார், 8 மட்டும் 1564-இல் வந்தது. மீதியை 150 வருடம் கழித்துத் தேடிப் பிடித்து ரோமில் லான்சிசி என்ற மருத்துவர் 1714-இல் வெளியிட்டார். அவற்றில் உருவத்தின் மேல் ஒரு எழுத்துகூட இல்லை. விளிம்பில் அளவுகோல் மாதிரிக் கோடு பிரித்திருக்கிறது. விளக்கத்தில் இரண்டு எண் இருக்கும். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு கோல் வைத்தால் சந்திக்கும் இடம் நீங்கள் தேடும் உறுப்பு. தசையின்மேல் எழுத்துக் கறை இல்லை.

ஈரத்தாளில் அச்சடித்து உலரும்போது தாள் சுருங்குமே என்று கேட்பீர்கள். அளவுகோலும் படத்தோடு சேர்ந்து அச்சாவதால் இரண்டும் சேர்ந்தே சுருங்கும், கணக்கு பிசகாது. நீங்கள் செய்யக்கூடாதது ஒன்றுதான்: சென்டிமீட்டர் ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள், படத்தின் விளிம்பிலிருக்கும் பிரிவுகளையே எண்ணுங்கள்.

தசைநார்

லைடனில் உடற்கூற்றுப் பேராசிரியர் அல்பினுஸ் 1747-இல் செய்தது இன்னொரு வழி. ஒவ்வொரு படத்துக்கும் இரட்டை. ஒன்று முழு நிழலோடு, எழுத்தே இல்லாமல். கூடவே அதே அளவில் வெறும் கோட்டுருவம், குறி எல்லாம் அதில்.

அவர் கவலை குறியைவிட அளவு பற்றியது. பக்கத்தில் நின்று எலும்புக்கூட்டை வரைந்தால் பாதத்தை மேலிருந்தும் மண்டையைக் கீழிருந்தும் பார்க்கிறீர்கள், அருகில் இருப்பது பெருத்துவிடும். எனவே ஓவியர் வாந்தெலார் முழு உருவத்தைப் பார்க்க நின்ற தூரம் 40 ரைன் அடி, ஏறக்குறைய 12.5 மீட்டர். அவ்வளவு தொலைவில் நுணுக்கம் தெரியாது. அதற்கு நூல்வலை: எலும்புக்கூட்டை ஒட்டி ஒரு கட்டம்போட்ட வலை, கட்டம் அதில் பத்தில் ஒரு பங்காக இன்னொரு வலை, தாளிலும் அதே கட்டம். அருகில் போய்க் கட்டம் கட்டமாக நுணுக்கத்தை எடுத்து, தொலைவில் நின்று எடுத்த அளவுக்குள் நிரப்புவது. எலும்புக்கூடு தன் இயற்கையான பந்தகங்களோடு நின்றது, அவை காய்ந்து முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வினிகர் தடவிக்கொண்டே இருந்தார்கள். நிற்கும் தோரணை சரியா என்று ஒப்பிட ஒல்லியான ஆளொருவரைப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

நான்காம், எட்டாம் படங்களில் பின்னால் காண்டாமிருகம் மேய்கிறது. கிளாரா என்று பெயர், 1741-இல் ராட்டர்டாம் வந்திறங்கியது. வெசாலியஸின் குன்றுகளாவது அவர் வேலை செய்த ஊருடையவை, இந்தக் காண்டாமிருகத்துக்கு அங்கே என்ன வேலை என்று சமகாலத்தவரே கேட்டார்கள். வெறும் வெள்ளைப் பின்னணியில் உருவத்தின் ஓரம் கூசித் தெரியும், இடைநிறம் வேண்டும் என்பது அல்பினுஸ் தரப்பு வாதம். யானை வைத்தாலும் அதே வேலை நடந்திருக்கும்.

ஏடு

கோட்டோவியன், தமிழ்ப் பெயர் எழுதுவதாகச் சொன்னீர்கள். புதிதாக உருவாக்கும் முன் யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு பார்வை போடுங்கள். மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1850-களிலிருந்தே மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றுக்கு அவர் தரப்பு வைத்த சொல் 'அங்காதிபாதம்'. வடமொழி வாடை தூக்கல்தான், ஆனால் தசைக்கும் நரம்புக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்ற கவனம் அதில் உண்டு. நம் பேச்சில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டாலும் 'நரம்பு இழுக்கிறது' என்போம். நாடி, நாளம், தசைநார், நரம்பு நான்கும் ஒரே சொல்லுக்குள் போய்விடும். பட்டியலில் அந்தக் குழப்பத்தை மட்டும் விடாதீர்கள்.

வைகறை

ஃபாப்ரிகாவோடு கூடவே எபிடோமே என்று ஒரு சின்ன நூல் வந்ததே, அதில் வெட்டி ஒட்டும் தாள் உண்டாம். இப்போது பிரிண்ட் எடுத்துச் செய்தால் சரியாக வருமா?

அச்சுக்கட்டை

பெயர்தான் சுருக்கம், தாள் ஃபாப்ரிகாவைவிடப் பெரியது. மாணவர்களுக்கானது, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் மகன் பிலிப்புக்குக் காணிக்கை. கடைசித் தாள்களில் உறுப்புகளைத் தனித்தனியாக அச்சிட்டு, வெட்டி அடுக்கி உருவத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது.

வரும், ஆனால் சில இடத்தில் சொதப்பும். எல்லாத் தாளையும் ஒரே விகிதத்தில் எடுங்கள், பிரிண்டரின் 'பக்கத்துக்குப் பொருத்து' வசதியை அணைத்துவிடுங்கள். அது தாளுக்குத் தாள் வேறு அளவில் சுருக்கும், ஈரல் மார்புக்கூட்டுக்குள் அடங்காது. வெட்டுவதற்கு முன்பே முதுகில் தடித்த தாளை ஒட்டிக் காயவிடுங்கள், வெட்டிய பிறகு ஒட்டினால் ஓரம் சுருளும். உறுப்பின் மேல்விளிம்பில் அரை சென்டிமீட்டர் நாக்கு விட்டு வெட்டி, அந்த நாக்கில் மட்டும் பசை தடவுங்கள், முழுதும் தடவினால் கீழ் அடுக்கைத் தூக்கிப் பார்க்க முடியாது. அடியில் போக வேண்டியதை முதலில் ஒட்ட வேண்டும்: முதுகை ஒட்டிய பெரிய ரத்தக்குழாய்கள், சிறுநீரகம், பிறகு குடல், அதன்மேல் இரைப்பையும் ஈரலும். குடலை ஒட்டிவிட்டுச் சிறுநீரகத்தைத் தேடினால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

கோட்டோவியன்

கடைசியாக ஒன்று. என்னிடம் இருக்கும் ஸ்கேன் கோப்பில் தலைப்புப் பக்கமும் தசைப்படங்களும் மட்டும்தான், ஆண்டு இல்லை. 1543-ஆ 1555-ஆ என்று எப்படிப் பிடிப்பது?

ஏடு

தலைப்புப் பக்கம் இருந்தால் ஒரு நிமிட வேலை. கூட்டத்துக்கு நடுவே மேலே நிற்கும் எலும்புக்கூட்டின் கையைப் பாருங்கள். கோல் என்றால் 1543, அரிவாள் என்றால் 1555. இடப்பக்கத் தூணைப் பற்றிக்கொண்டிருப்பவர் அம்மணமாக இருந்தால் 1543, உடுத்தியிருந்தால் 1555. கீழே ஆடு நின்றால் 1555. 1555 தலைப்புப் பக்கத்தின் கட்டை புதிதாகச் செதுக்கியது, முகங்கள் கொஞ்சம் மரமாக இருக்கும். பாடப் பக்கம் கிடைத்தால் வரி எண்ணுங்கள்: 57 வரி என்றால் முதல் பதிப்பு, 49 என்றால் இரண்டாவது.

அச்சுக்கட்டை

மூன்றாவது சாத்தியத்தையும் விடாதீர்கள். அதே கட்டைகள் 1700-களில் ஆக்ஸ்பர்க், இங்கோல்ஸ்டாட் என்று கைமாறி அங்கேயும் அச்சாகின. 1893-இல் மியூனிக் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன, எஞ்சியவை 227. 1934-இல் அவற்றிலிருந்தே மறுபடி அச்சிட்டார்கள். அந்த அச்சு சில இடங்களில் 1543-ஐவிடத் தெளிவு. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கட்டைகள் அழிந்தன.

கோட்டின் நடுவே சம்பந்தமில்லாமல் வட்டமான வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூச்சி அரித்த ஓட்டை, அது பிற்கால அச்சு. கோடு ஊசி முனையாக மெலிந்து முடிந்து, படத்தைச் சுற்றித் தாளில் சதுரமாக அழுந்திய தடம் இருந்தால் அது மரக்கட்டையே அல்ல, செப்புத்தகட்டில் நகலெடுத்தது. 1545-இல் லண்டனில் ஜெமினஸும் 1556-இல் ரோமில் வால்வெர்தேயும் அப்படி நகலெடுத்தவர்கள்தான்.

கோட்டோவியன்

ஆடு நிற்கிறது. அரிவாளும் இருக்கிறது. அப்படியானால் தொடையிலிருக்கும் குறி வெள்ளைக் குளத்தில் மிதக்க வேண்டுமே, நிழலுக்குள்தானே கிடக்கிறது?

அச்சுக்கட்டை

எல்லாக் குறியையும் திருத்தவில்லை. இல்லையென்றால் யாரோ 1543 தசைப்படங்களை 1555 தலைப்புப் பக்கத்தோடு ஒரே கோப்பில் சேர்த்துவிட்டார்கள். மற்றத் தசைப்படங்களில் பத்துக் குறியையாவது பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றுகூடச் சுற்றிலும் வெளுக்கவில்லை என்றால் கோப்பு கலப்படம்.

கோட்டோவியன்

பன்னிரண்டு பார்த்தேன். ஒன்றுகூட வெளுக்கவில்லை. கலப்படம்தான். முழு 1555 ஸ்கேனாகத் தேடி எடுத்து, ஐந்தாம் படத்திலிருந்தே மறுபடி தொடங்குகிறேன்.